காலை வரை காத்திருக்கக் கூடாத காய்ச்சல்

நீலகிரியில் தெரியவந்தது

இந்தியாவில் அரிவாள் செல் மரபணு இருப்பது முதலில் தெரியவந்தது நம் நீலகிரியில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தால், பெரும்பாலும் நோயில்லை. கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு. காய்ச்சல் காடுகளில் தலைமுறைகளைக் காத்த மரபணுவைக் குலத்தின் குறையென்று பேசுவது அறியாமை. இருவரிடமிருந்தும் வந்தால்தான் சிக்கல்: சிவப்பணுக்கள் அரிவாள்போல வளையும் அரிவாள் செல் (சிக்கிள் செல்) நோய் வரும்.

மண்ணீரல் கைவிடும்போது

ரத்தத்தில் நுழையும் பாக்டீரியாக்களைச் சல்லடைபோல வடிகட்டிப் பிடிப்பது மண்ணீரல். வளைந்த சிவப்பணுக்கள் அதன் நுண்குழாய்களைத் திரும்பத் திரும்ப அடைப்பதால், இந்நோயுள்ள பல குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே அதன் வேலை குன்றத் தொடங்குகிறது. மேலுறை கொண்ட பாக்டீரியாக்களுக்கு இது வசதி. அவற்றில் முதன்மையானது நியூமோகாக்கஸ். நலமான பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும் இந்தக் கிருமி, இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். சால்மோனெல்லாவும் இவர்களின் எலும்புகளைத் தாக்குவதுண்டு. கிருமி ஒன்றேதான், அது யார் உடலில் நுழைகிறது என்பதில்தான் வேறுபாடு.

பழைய மருந்து போதும்

நியூமோகாக்கஸ் தொற்றைத் தடுக்க விலையுயர்ந்த மருந்து தேவையில்லை. இந்நோயுள்ள 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தினமும் இருவேளை பெனிசிலின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1986-இல் வெளியானது. நியூமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்ததால், ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். இன்று குறைந்தது 5 வயது வரை இம்மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. நியூமோகாக்கஸ் தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணையாக உள்ளது. இவர்களுக்குக் கூடுதல் தவணையும் தேவைப்படலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இந்நோயுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் போங்கள். போனதும் முதலில், “இவனுக்குச் சிக்கிள் செல் இருக்கிறது” என்று சொல்லுங்கள். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் ஊசி தொடங்க அது உதவும்.

பெற்றோர் இருவரும் இந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு பேற்றிலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மூத்த பிள்ளைக்கு நோய் இல்லையென்று அடுத்ததை விட்டுவிட வேண்டாம்; பிறந்தவுடனே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.