ஏதிலியர் தன்வரலாறும் இளம் வாசகர் எதிர்வினையும்: மெய்ப்பாட்டு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தாய்நிலத்தை இழந்து வேற்று நிலத்தில் வாழ்வை மீட்டெடுத்த ஒருவரின் உண்மைக் கதையைப் படிக்கும் இளம் வாசகர், பெரும்பாலும் கண்ணீரில் தொடங்கிப் பாராட்டில் முடிக்கின்றனர். அவ்வெதிர்வினை இயல்பானதே, ஆயினும் முழுமையானதன்று. தொ. பத்தினாதனின் 'போரின் மறுபக்கம்' என்னும் தன்வரலாற்று நூலை முன்னிறுத்தி, தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், வாசகர் எதிர்வினைக் கோட்பாடு ஆகியவற்றின் துணையுடன் அவ்வெதிர்வினையின் படிநிலைகளை இக்கட்டுரை விளக்குகிறது. திருமழபாடி வட்டாரத்து மாணவர்க்கு இத்தகைய நூலை எவ்வாறு பயிற்றுவிக்கலாம் என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஏதிலியர், தன்வரலாறு, மெய்ப்பாடு, இளம் வாசகர், மறுவாழ்வு முகாம், திருமழபாடி.

முன்னுரை

'அகதி' என்னும் சொல் புகலற்றவர் என்று பொருள்படும் வடசொல். அதற்கு ஈடாக வழங்கும் 'ஏதிலி', ஏதும் அற்றவர் என்னும் பொருளைச் சுட்டுகிறது. இரு சொற்களும் எதிர்மறையாலேயே மனிதரை வரையறுக்கின்றன. ஏதிலியர் தாமே எழுதும் தன்வரலாறு இவ்வெதிர்மறைக்கு மறுப்பாக அமைகிறது. 'இல்லாதவர்' என்று பெயரிடப்பட்டவர், தம்மிடம் இருப்பது யாது என்பதை அதில் சொல்லத் தொடங்குகிறார்.

தமிழகத்தில் இவ்விலக்கியத்திற்கான களம் பெரிது. 1983 முதல் 3,04,269 இலங்கைத் தமிழர் இங்கு வந்தனர் எனவும், அவர்களுள் 58,822 பேர் 108 முகாம்களிலும் 34,087 பேர் வெளிப்பதிவிலும் வாழ்கின்றனர் எனவும் 2021ஆம் ஆண்டு தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டதும் அவ்வாண்டிலேயாகும். பெரம்பலூரை அடுத்த துறைமங்கலத்திலும், திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை ஆகிய இடங்களிலும் இத்தகைய முகாம்கள் உள்ளன. எனவே திருமழபாடியில் அமர்ந்து இந்நூலைப் படிக்கும் மாணவர் தொலைதூரத்து நிகழ்வொன்றைப் படிக்கவில்லை. அண்டை வாழ்வொன்றையே படிக்கிறார்.

பனுவலும் அதன் சூழலும்

மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த பத்தினாதன் 1990இல் பதின்ம வயதில் தமிழகம் வந்தவர். முகாம் வாழ்வைத் தன்மைக் கூற்றில் எடுத்துரைக்கும் அவருடைய 'போரின் மறுபக்கம்' 2007இல் காலச்சுவடு பதிப்பக வெளியீடாக வந்தது. போர்க்களத்தைக் காட்டிலும் போர் துரத்திய மனிதரின் அன்றாடமே அந்நூலின் பொருள்; தலைப்பிலுள்ள 'மறுபக்கம்' என்னும் சொல் அதனையே உணர்த்துகிறது.

அவ்வன்றாடத்தைப் புரிந்துகொள்ள வரலாற்றுப் பின்னணி இன்றியமையாதது. 1991 மே மாதம் இராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின்னர் முகாம்கள் மீதான கண்காணிப்பு இறுகியது. முகாம் மாணவரின் கல்விச் சேர்க்கையும் சில ஆண்டுகள் தடைப்பட்டது. 1984இல் எஸ். சி. சந்திரகாசன் முதலானோர் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்வியைத் தொடரச் செய்யப் பாடுபட்டது. படிக்க வேண்டிய வயதில் பள்ளி வாயில் அடைபடுதல் என்பதன் பொருளை இன்றைய கல்லூரி மாணவர்க்கு உணர்த்துவதில் இப்பின்னணி முதலிடம் பெறுகிறது.

மெய்ப்பாடுகளின் வரிசை

வாசிப்பின் நோக்கை இருவகையாகப் பகுத்தவர் அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட். படித்து முடித்தபின் எடுத்துச் செல்லும் தகவலுக்காக வாசித்தல் ஒன்று. வாசிக்கும்போதே நிகழும் அனுபவத்திற்காக வாசித்தல் மற்றொன்று. 1978இல் வெளிவந்த நூலில் அவர் இப்பாகுபாட்டை விரிவாக விளக்கினார். ஏதிலியர் தன்வரலாறு இவ்விரு வாசிப்பையும் ஒருசேரக் கோருவது. அனுபவமின்றித் தகவலை மட்டும் பெற்றால் அது புள்ளிவிவரமாகும். தகவலின்றி அனுபவத்தை மட்டும் பெற்றால் அது இரக்கத்தோடு நின்றுவிடும்.

அனுபவத்தின் நுண்வகைகளை விளக்கத் தொல்காப்பியமே துணை நிற்கிறது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்கள் நான்கினை வகுக்கிறது. உணர்வு அதனை உற்றவரிடத்து நிகழ்வதோடு காண்போர்க்கும் எய்துவதைப் பண்டை உரையாசிரியர்கள் ஆராய்ந்துள்ளமையால், அதனை வாசகருக்கும் பொருத்திக் காணலாம்.

அழுகையின் களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியன சுட்டப்படுகின்றன. இழிவுபடுத்தப்படுதல், உற்றாரையும் உடைமையையும் இழத்தல், பண்டைய நிலை கெட்டு வேறொரு நிலையில் வருந்துதல், நுகரப் பொருளின்மை என இவற்றை விளக்கலாம். ஏதிலியர் வாழ்வில் இந்நான்கும் ஒருங்கே அமைகின்றன. இளம் வாசகர் இழவையும் வறுமையையும் எளிதில் அடையாளம் காண்பர். அசைவைக் காண்பதற்குப் பயிற்சி தேவை. சொந்த வயலில் உழுதவர் வேற்றூரில் நாட்கூலியாக நிற்பதன் துயரம் கூலியின் அளவில் இல்லை; நிலை பிறழ்ந்ததிலேயே உள்ளது.

பெருமிதத்தின் களன்கள் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. விடாமுயற்சிக் கதைகளில் இளையோரை ஈர்ப்பவை முதலிரண்டு. தடைகளுக்கிடையே கற்றவரையும் அஞ்சாது நின்றவரையும் கண்டு வாசகர் தாமும் நிமிர்கிறார். இவ்வெதிர்வினை மதிக்கத்தக்கது, ஏதிலியரை இரங்கத்தக்கவராக மட்டும் காணும் பார்வையிலிருந்து அது மாணவரை மீட்கிறது.

எனினும் அழுகையிலிருந்து பெருமிதத்திற்கு நேரே தாவும் வாசிப்பு இடையிலுள்ள ஒன்றைத் தவறவிடுகிறது. அது வெகுளி. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன அதன் களன்கள். உறுப்பைச் சிதைத்தல், குடிகளை நலிதல், அலைத்தல், கொல்லுதல் என்னும் இந்நான்கும் மனிதர் ஏதிலியராவதற்கான காரணங்களின் பட்டியலாகவே அமைந்துள்ளன. துன்பத்தைக் கண்டு அழுது, மீண்டதைக் கண்டு பாராட்டும் வாசகர், அத்துன்பத்தை விளைத்தது யாது என வினவாவிடின், போர் ஒரு புயலைப் போல இயற்கை நிகழ்வாகிவிடும். 'முயன்றால் எவரும் மீளலாம்' என்ற முடிவு, மீளாதவரை முயலாதவராக்கிவிடும் ஆபத்தும் இதில் உண்டு. முகாமில் எத்துணை முயன்றும் கடவுச்சீட்டோ குடியுரிமையோ பெற இயலாதவர் பலர். 1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையொப்பமிடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. தமிழக மண்ணில் பிறந்த முகாம் குழந்தைக்கும், பெற்றோர் இருவரும் இலங்கையராயின், 1987 சூலைக்குப் பிந்தைய சட்டத்தின்படி பிறப்பால் குடியுரிமை கிட்டுவதில்லை. இவற்றை அறியாத பாராட்டு குறையுடையதாகிறது.

இங்கு வெகுளி என்பது ஓர் இனத்தின் மீதோ மொழியின் மீதோ எழும் பகையன்று. காரணத்தைத் தேடும் அறச்சினமாகும். அதனை அவ்வாறு நெறிப்படுத்துதல் ஆசிரியரின் பொறுப்பு.

வாசகரும் விசாரணையாளரும்

ஏதிலியரின் கதைக்கு முதல் வாசகர் இலக்கிய வாசகரல்லர். புகலிடக் கோரிக்கையை ஆராயும் அதிகாரியே. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) புதினம் புகலிட விண்ணப்ப வடிவத்தை எடுத்தாள்வது இவ்வுண்மையைக் காட்டுகிறது. அவ்வதிகாரி தேதி, இடம், சான்று ஆகியவற்றைக் கேட்டு, கதை நம்பத்தக்கதா எனத் தீர்ப்பளிக்கிறார். 'இது உண்மையில் நடந்ததா?' என்று வகுப்பறையில் எழும் வினா இயல்பானது. ஆயினும் அதுவே முதலும் முடிவுமான வினாவாயின், மாணவர் இரண்டாவது அதிகாரியாகிவிடுவார். நினைவில் நிகழும் இடைவெளிகளும் முன்பின்னான காலவரிசையும் அத்தகைய வாழ்வின் தடயங்கள் என்பதை உணர்த்த வேண்டும்.

பாரியின் பறம்பு வீழ்ந்தபின் அவன் மகளிரைக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்றதையும் அவர்கள் ஏற்க மறுத்ததையும் புறநானூற்றால் அறிகிறோம். பாரியைக் கொடையால் அறிந்த மாணவர், அம்மகளிரைப் புகலிடம் மறுக்கப்பட்ட இளையோராக எண்ணிப் பார்க்கும்போது, மரபிலக்கியமும் சமகாலத் தன்வரலாறும் ஒன்றையொன்று விளக்கும்.

திருமழபாடியிலிருந்து வாசித்தல்

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த திருமழபாடி, அரியலூர் மாவட்டத்தின் பாடல் பெற்ற தலம். இவ்வட்டாரத்து மாணவர்க்கு இடப்பெயர்வு புதிதன்று. கொள்ளிடம் பெருகும்போது தாழ்வான ஊர்களின் மக்கள் மேட்டுப்பகுதிக்குச் செல்கின்றனர். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்திற்காக 1990களில் நிலம் கையகப்படுத்தப்பட்டது. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்றோர் பல குடும்பங்களில் உண்டு. இவ்வனுபவங்கள் நூலுக்குள் நுழையும் வாயில்களாகும். ஆயினும் ஒப்புமையோடு வேறுபாட்டையும் காட்ட வேண்டும். வெள்ளம் வடிந்தால் வீடு திரும்பலாம். வெளிநாடு சென்றவர் கடவுச்சீட்டுடன் சென்றார். நிலம் இழந்தவர் நீதிமன்றம் செல்லலாம். ஏதிலியர்க்கு இம்மூன்றும் உறுதியில்லை.

இவ்வூர்க் கோயில் கல்வெட்டு மற்றொரு வாயிலைத் திறக்கிறது. முதலாம் இராஜராஜன் காலத்தில் திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணை பிறந்தபோது, அதிலிருந்த பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்து வைத்தனர். பின்னர் இராஜேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டன. இடிக்குமுன் படியெடுக்க அங்கு அவகாசம் இருந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. படியெடுக்க எவர்க்கும் வாய்ப்பில்லை. படகேறியவர் கொண்டுவந்தது பெரும்பாலும் நினைவையே. அந்நினைவைப் பின்னாளில் எழுத்தாக்குவது, பிரிக்கப்பட்ட கட்டடத்தின் கல்வெட்டை மீளப் பொறிப்பதற்கு ஒப்பான செயல்.

பயிற்றுமுறையில் கருத வேண்டியன

முதலாவதாக, வகுப்பில் முகாம் மாணவர் இருக்கக்கூடும். அவரைச் சான்றாக எழுப்பி நிறுத்துதல், அவர் கேட்காத இளிவினை அவர்க்குத் தருவதாகும். பேசுவதும் பேசாதிருப்பதும் அவர் உரிமை. இரண்டாவதாக, 'இக்கதையிலிருந்து நீ கற்ற பாடம் என்ன?' என்பதற்கு முன், 'எவ்விடத்தில் நிறுத்தினாய்? ஏன்?' என வினவலாம். முன்னது ஆயத்த விடையை வருவிக்கும், பின்னது வாசிப்பை வெளிப்படுத்தும். மூன்றாவதாக, கதைமாந்தரின் முயற்சியோடு அம்முயற்சிக்குத் துணைநின்றவற்றையும் தடையாக நின்றவற்றையும் மாணவர் தனித்தனியே குறித்துவரச் செய்யலாம். இவ்வெளிய பயிற்சி தனிமனிதத் திறத்தையும் சட்ட, சமூகச் சூழலையும் ஒருங்கே காணப் பழக்கும்.

முடிவுரை

ஏதிலியர் தன்வரலாற்றுக்கு இளம் வாசகர் காட்டும் எதிர்வினை அழுகை, வெகுளி, பெருமிதம் ஆகிய மூன்றையும் கடந்து வரும்போதே நிறைவடைகிறது. அழுகை நெருக்கத்தையும், வெகுளி காரணத்தையும், பெருமிதம் மதிப்பையும் தருகின்றன. இடையிலுள்ளதை விடுத்தால் விடாமுயற்சி என்பது ஊக்கவுரைக்கான எடுத்துக்காட்டாகச் சுருங்கும். துறைமங்கலத்து முகாமில் வாழும் இளைஞரும் திருமழபாடி மாணவரும் ஒரே தேர்வை எழுதி, ஒரே பட்டத்தைப் பெற்று, அதன்பின் வெவ்வேறு சட்ட நிலைகளில் நிற்கின்றனர். இவ்வேறுபாட்டுக்கு முயற்சியின் அளவு காரணமன்று என்பதை ஒரு மாணவர் நூலின்வழி உணர்ந்தால், அவ்வாசிப்பு தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.