விராலுக்கு வேண்டிய இரை மீன்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைப்புறச் சிற்றூர்களில் தென்னந்தோப்புகளை அடுத்துத் தனியாருக்கு உரிய சிறு குளங்கள் உள்ளன. இவற்றில் வளர்ப்பதற்கு ஏற்ற பெரிய ஊனுண்ணி மீன் விராலாகும். மலையாளத்தில் இதனை வரால் என்பர். குஞ்சுகளை விட்டு ஈராண்டு காத்திருந்து குளத்தை இறைப்பவர், தலை பெருத்து உடல் மெலிந்த சில மீன்களையே காண்பதுண்டு. குஞ்சு விற்றவர்மீது அப்பொழுது பழி விழுகிறது. ஆனால் இத்தகைய மெலிவு பெரும்பாலும் இரைப் பஞ்சத்தின் அடையாளமேயாகும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஆபர்ன் நகரில் ஸ்விங்கிள் என்னும் அறிஞர் பண்ணைக் குளங்களில் இதனை விரிவாக ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டார். அங்கே ஊனுண்ணி பாஸ் மீன். அதற்கு இரை புளூகில் என்னும் சிறு மீன். இரை மீன்களின் மொத்த எடை ஊனுண்ணிகளின் எடையைப்போல் 3 முதல் 6 மடங்கு இருக்கும் குளமே சிறந்த சமநிலையில் இருப்பதாக அவர் கண்டார். இவ்வளவை அப்படியே விராலுக்குப் பொருத்துதல் இயலாது. எனினும் அதன் அடிப்படை இங்கும் பொருந்தும். ஊனுண்ணி மீன் ஒரு கிலோ வளரப் பல கிலோ இரை வேண்டும். அவ்விரையும் அதன் வாய்க்குள் அடங்கும் அளவினதாக இருத்தல் வேண்டும்.

ஆதலின் இரை மீன் அடிக்கடி இனம் பெருக்குவதாகவும், முதிர்ந்தும் சிறிதாகவே இருப்பதாகவும் அமைதல் நலம். பரல், பள்ளத்தி போன்ற உள்ளூர் மீன்கள் இதற்கு ஏற்றவை. 1952-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட திலாப்பியா மிக விரைவாகப் பெருகும். எனினும் விராலின் வாய்க்கு அடங்காத அளவை எட்டியவை குளத்தை நிரப்பி, உணவின்றிக் குறுகி நிற்கும். அதனைப் புதிதாக விடுதல் தகாது. முன்னரே புகுந்துவிட்ட குளத்தில் பெரியவற்றை வலையிட்டு அகற்றி, குஞ்சுகளை விராலுக்கு விட்டுவிடலாம்.

செம்மண் பாங்கான இந்நிலத்தில் குளத்து நீர் புளிப்புடையதாயின் முதலில் சுண்ணாம்பு இடல் வேண்டும். பின்னர் இரை மீன்களை விட்டு, அவை ஒருமுறையேனும் குஞ்சு பொரித்த பின்னரே விரால் குஞ்சுகளை விடுதல் முறை. குஞ்சுகள் ஒரே அளவினவாக இருத்தல் இன்றியமையாதது. பெரியது சிறியதை விழுங்கிவிடும். காணாமற்போன குஞ்சுகளைத் திருடனோ நீர்க்காகமோ கொண்டுபோனதாக எண்ணுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். மழை இரவுகளில் விரால் கரையேறி ஊர்ந்து வெளியேறுமாதலால் குளத்தைச் சுற்றி வலைவேலியும் தேவை.

கோடையில் நீர் குறையும்பொழுது விழிப்பு மிக வேண்டும். விரால் நீர்ப்பரப்பிற்கு வந்து காற்றை உட்கொண்டு பிழைக்கும். இரை மீன்களோ உயிர்வளி குறைந்ததும் மடியும். விரால் உயிருடன் இருப்பதால் குளம் நலமாயிருக்கிறதென்று கருதலாகாது.

குளத்தின் நிலையை அறியச் சிறு கண்ணியுள்ள வலையை மாதம் ஒருமுறை கரையோரம் இழுத்துப் பார்த்தல் போதும். பள்ளி மாணவரும் இதனைச் செய்யலாம். இரை மீனின் இளங்குஞ்சுகள் மிகுதியாகவும் நடுத்தர அளவினவை சிலவாகவும் அகப்படின் குளம் ஒழுங்காயுள்ளது. நடுத்தர மீன்களே நிறைந்து இளங்குஞ்சுகள் இல்லையெனின், விரால் போதாது. இரை மீன் நெருங்கிவிட்டது. இரண்டும் அகப்படாமல் மெலிந்த விரால்கள் மட்டும் வருமாயின், அவற்றுட் பாதியைப் பிடித்து விற்றுவிட்டு, எஞ்சியவற்றிற்காக இரை மீன்களை மீண்டும் விடுதல் வேண்டும்.