ரோஜா மலர்களை வாடாமற் காக்கும் முறை

கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்களில் பூ வியாபாரம் செய்யும் அங்கத்தினர்கள் முகூர்த்த நாட்களில் வாங்கி விற்கும் நீண்ட காம்புள்ள ரோஜா, ஓசூர்ப் பக்கத்தில் பாலிதீன் தாள் வேய்ந்த கொட்டகைகளில் பயிராகி, 250 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து வருவதாகும். அங்கிருந்து அயல் நாடுகளுக்கும் இம்மலர் அனுப்பப்படுகிறது. அவ்வளவு தூரம் செல்லும் பூ வாடாதிருக்க, நம் கடைவாசலில் நண்பகலுக்குள் தலை சாய்வதேன்?

சென்ற தை மாதத்தில் ஒரே வண்டியில் வந்த பூக்கட்டுகளை அடுத்தடுத்த இரு கடைக்காரர்கள் வாங்கினர். மாலையில் ஒருவருடைய பூ நிமிர்ந்திருந்தது. மற்றவருடைய பூ கழுத்தொடிந்து குப்பைக்குச் சென்றது. பின்னவர் அப்பூவைக் கடன் பெற்று வாங்கியவர். பூ வாடினாலும் வட்டி வாடுவதில்லையன்றோ?

செடியினின்று அறுத்த பின்னும் ரோஜா உயிருடனேயே இருக்கிறது. இலைகளின் வழியே நீர் ஆவியாய்ப் போய்க்கொண்டிருக்க, அதை ஈடு செய்யக் காம்பிலுள்ள நுண்ணிய குழாய்கள் நீரை மேலே ஏற்ற வேண்டும். காம்பு காய்ந்து கிடந்தால் அறுத்த வாயில் காற்றுப் புகுந்து அக்குழாய்களை அடைத்துவிடும். அழுக்கு நீரில் பெருகும் கிருமிகளும் அவ்வாறே அடைக்கும். அப்பொழுது வாளி நிறைய நீர் இருந்தும் பூ தாகத்தால் மடிகிறது. கழுத்தொடிவதன் முக்கிய காரணம் இதுவே.

ஆகையால் அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. சொந்தத் தோட்டமுடையவர்கள் விடியற்காலையில் பூவை அறுக்க வேண்டும். மொட்டின் பச்சை இதழ்கள் கீழ்நோக்கி மடங்கி, வெளியிதழ் ஓரிரண்டு அவிழத் தொடங்குவதே தக்க பருவம். அதற்கு முன் அறுத்த மொட்டு மலராமலே தலை சாயக்கூடும்.

2. கட்டுகள் வந்தவுடன் காம்பின் அடியில் ஓர் அங்குலத்தை நீருக்குள் வைத்தபடியே கூரிய கத்தியால் சாய்வாய் வெட்டுக. நசுக்குதல் கூடாது.

3. வாளியைத் தினந்தோறும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் தேய்த்து, நன்றாய் அலசுக. நீரில் அமிழும் இலைகளை நீக்குக. அவை அழுகிக் கிருமிகளை வளர்க்கும்.

4. கடற்கரையை அடுத்த கிணறுகளில் உப்புக் கரிக்கும் நீரைத் தவிர்த்து நல்ல நீரையே உபயோகிக்க வேண்டும். சர்க்கரை பூவுக்கு ஆகாரமாயினும், அதை மட்டும் கரைத்தால் கிருமிகளுக்கே விருந்தாகும். கிருமிகளைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்த பொட்டலத்தை, அதில் குறித்த அளவின்படியே கரைக்க வேண்டும்.

5. வெயிலும் காற்றும் படாத இடத்தில் வைக்குக. பழுக்கும் வாழைத்தாருக்கும் மாம்பழக் கூடைக்கும் அருகில் வைக்கலாகாது. பழத்தினின்று எழும் எத்திலீன் என்னும் வாயு பூவை விரைவில் முதிரச் செய்யும். மேற்சொன்ன கடையில் பூவாளி வாழைத்தாரின் கீழேயே இருந்தது.

தலை சாயத் தொடங்கிய பூவை உடனே எறிந்துவிட வேண்டாம். காம்பை மீண்டும் வெட்டி, பூ நிமிர்ந்திருக்கும்படி காகிதத்தால் சுற்றி, ஆழமான நீரில் சில மணி நேரம் நிழலில் நிறுத்தினால் பல மலர்கள் மீளும்.

இவையனைத்தும் அநேகமாய்ச் செலவற்றவை. ஆனால் ரோஜாவைச் சில நாள் சேமித்து வைக்க 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். அத்தகைய குளிர் அறை ஒரு சிறு வியாபாரியின் சக்திக்கு மேற்பட்டது. பத்துப் பேர் சங்கமாய்ச் சேர்ந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்தினால் ஒவ்வொருவர் பங்கும் சொற்பமே. முகூர்த்தத்திற்கு முன்பே விலை மலிவாய் இருக்கையில் ஒன்றாய்க் கொள்முதல் செய்யவும் இயலும். அடுத்த மாதக் கூட்டத்தில் பஞ்சாயத்தார் இதை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்வார்களாக. அதுவரையில், நாளைக் காலை வாளியைக் கழுவுவதற்கு எவருடைய தீர்மானமும் தேவையில்லை.