தாராக்களும் மாசுற்ற நீரும்

மாணாக்கரைப் பலவகையாகப் பாகுபடுத்திக் கூறவந்த நன்னூலாசிரியர், தலையாய மாணாக்கருக்கு அன்னத்தையும் பசுவையும் உவமையாகக் கொண்டார். பாலில் கலந்த நீரை விலக்கிப் பாலை மாத்திரம் பருகவல்லது அன்னம் என்பது நம்மவரிடையே வழிவழி வந்த வழக்கு. அன்னத்தின் இனத்தைச் சார்ந்ததே நம் வீட்டு வளவுகளில் வளரும் தாராவும். ஆயின் அதற்கு அத்தகைய ஆற்றல் யாதும் இல்லை. நன்னீரையும் நச்சு நீரையும் அது வேறுபாடின்றிப் பருகும். அவற்றில் ஒரேவகை மகிழ்ச்சியோடு நீந்தும். ஆதலின் பிரித்தறியும் பொறுப்பு அதனை வளர்ப்போரையே சார்ந்தது. அப்பொறுப்பினைச் செவ்வனே நிறைவேற்றுதற்கு, நீர் எவ்வாறு கெடுகின்றது, கெட்ட நீர் தாராவை எவ்வாறு தாக்குகின்றது என்பவற்றை அறிதல் வேண்டும். அவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கோழியும் நீர் பருகும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நீர் வேண்டும். எனினும் நீரினால் வரும் நோய்க்குத் தாரா மிகுதியும் இலக்காதற்குக் காரணம் அதன் உடலமைப்பும் உணவுப் பழக்கமுமாகும். தாராவின் அலகினது விளிம்பிலே சீப்பின் பற்களைப் போன்ற மெல்லிய தகடுகள் வரிசையாக அமைந்துள்ளன. சேற்றையும் நீரையும் வாயிலே கொண்டு, இத்தகடுகளின் வழியாக நீரை வெளியேற்றி, எஞ்சிய வித்துக்களையும் புழுக்களையும் சிறு நத்தைகளையும் அது விழுங்குகின்றது. சேற்றில் உள்ளது எதுவோ அது தாராவின் வயிற்றிலும் புகும். அஃதன்றி, உணவு உண்ணும் நீரிலேயே அது எச்சமும் இடுகின்றது. வாயில் ஒட்டிய தீனியை நீரிற் கொண்டுபோய்க் கரைக்கின்றது. காலையில் நிரப்பிய தொட்டி நண்பகலுக்குள் கலங்கிக் குழம்பாதல் தாரா வளர்த்தோர் யாவரும் கண்டதே.

மாசுற்ற நீரால் வரும் கேடுகளை மூவகையாக வகுக்கலாம். பற்றீரியா உண்டாக்கும் நஞ்சினால் வருவது ஒன்று. நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சினால் வருவது மற்றொன்று. நோய்க்கிருமிகள் நேரே உடலிற் புகுந்து பெருகுவதால் வருவது மூன்றாவது. இவற்றுள் முதலாவதே தாராக்களைக் கூட்டங் கூட்டமாக மாய்ப்பது. அதனைக் கண்டுபிடித்த வரலாறு அறிவு வளர்ச்சிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாதலின், அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யூற்றா மாநிலத்திலே பெரிய உப்பேரி என்னும் ஏரி உள்ளது. 1910 ஆம் ஆண்டுக் கோடையிலே அதனை அடுத்த சதுப்பு நிலங்களிற் காட்டுத் தாராக்கள் அளவிறந்தனவாய் மடிந்தன. அலெக்சாந்தர் வெற்மோர் என்னும் பறவையியலறிஞர் அங்குச் சென்று சில ஆண்டுகள் ஆராய்ந்து, தம் முடிபை 1918 ஆம் ஆண்டில் வெளியிட்டார். கோடையில் நீர் வற்றும்போது உவர்ப்பு மிகுகின்றது. அந்நீரிற் செறியும் கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் குளோரைட்டுக்களே பறவைகளைக் கொல்லும் நஞ்சு என்பது அவர் கொண்ட முடிபு. நோயுற்ற பறவைகளை எடுத்து நன்னீரில் வைத்துப் பேணியபோது அவற்றுட் பல பிழைத்தன என்பதையும் அவர் பதிவுசெய்தார்.

உண்மைக் காரணம் பின்னரே வெளிப்பட்டது. 1922 ஆம் ஆண்டில் ஐடா பெங்ற்சன் என்னும் அம்மையார், ஈயின் புழுக்களிலிருந்து நஞ்சுண்டாக்கும் ஒரு பற்றீரியத்தைப் பிரித்தெடுத்தார். 1930 ஆம் ஆண்டில், கல்ம்பாக் என்பாரும் வேறு ஆய்வாளரும் மேற்கு அமெரிக்காவின் தாரா நோய்க்குக் காரணம் அவ்வகைப் பற்றீரியத்தின் நஞ்சே என நிறுவினர். உப்பு அன்று, உயிரொன்று ஆக்கிய நஞ்சு. வெற்மோரின் விளக்கம் வீழ்ந்தது. ஆயின் நோயுற்ற பறவைக்கு நன்னீர் ஊட்டுக என்னும் அவரது கண்டறிவு இன்றும் நிலைத்து நிற்கின்றது. கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்த ஒருவரின் உழைப்பு, அவர் கொண்ட கொள்கை தவறியவிடத்தும் வீண்போவதில்லை.

அப்பற்றீரியத்தின் பெயர் குளொசுத்திரிடியம் பொத்துலினம் என்பது. இலத்தீன் மொழியில் இறைச்சிக் குழலைக் குறிக்கும் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது. செருமானியக் கவிஞரும் மருத்துவருமாகிய யுத்தீனசு கேர்ணர், கெட்ட இறைச்சிக் குழலை உண்டு மாந்தர் மடிந்ததை 1820 ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்து எழுதினார். பின்னர் 1897 இல் பெல்சிய நாட்டு அறிஞர் வான் எர்மெங்கம் அதற்குரிய நுண்ணங்கியைக் கண்டு வெளியிட்டார். இந்நுண்ணங்கியில் பல வகைகள் உள. தாராக்களைத் தாக்குவது பெரும்பாலும் 'சி' வகை. மனிதரைத் தாக்குவன பெரும்பாலும் வேறு வகைகள்.

இது ஒட்சிசன் உள்ளவிடத்து வளர்வதன்று. குளத்தின் அடிச்சேற்றிலே வித்தியுருவில் ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடக்கும். கோடை வெயிலில் நீர் சூடேறி வற்றுகின்றது. செடிகொடிகளும் சிற்றுயிர்களும் அழுகுகின்றன. அழுகுதலால் நீரிலுள்ள ஒட்சிசன் செலவாகின்றது. அந்நிலையில் வித்திகள் முளைத்து, புரதப் பொருளை உணவாகக் கொண்டு பெருகி நஞ்சினை ஆக்குகின்றன. இறந்த பறவையொன்றின் உடல் இதற்கு மிகச் சிறந்த விளைநிலம். ஈக்கள் அதில் முட்டையிடுகின்றன. வெளிவரும் புழுக்கள் நஞ்சினைத் தம்முட் சேர்த்துக்கொள்கின்றன. ஆயின் அவை மடிவதில்லை. அப்புழுக்களிற் சிலவற்றை விழுங்கிய தாரா மடிகின்றது. அதன் உடலிலும் புழுக்கள் பிறக்கின்றன. இவ்வாறு ஒரு பிணம் பல பிணங்களை ஆக்க, கேடு தானே பெருகிச் செல்கின்றது.

இந்நஞ்சு நரம்பும் தசையும் கூடுமிடத்தில் நரம்பின் செய்தி தசையை அடையாதவாறு தடுக்கின்றது. முதலில் தாராவின் கால்கள் தளர்கின்றன. பறக்கவோ நடக்கவோ இயலாது சிறகுகளால் உந்திச் செல்கின்றது. பின்னர் கண்ணின் உள்ளிமை செயலறுகின்றது. ஈற்றில் கழுத்துத் துவள்கின்றது. தலையைத் தூக்கமாட்டாது, தன் வாழ்விடமாகிய நீரிலேயே மூழ்கி அது இறக்கின்றது. அன்றேல் மூச்சுத் தசைகள் செயலற்று இறக்கின்றது.

இது தொலைவான நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2019 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இந்தியாவின் இராசத்தான் மாநிலத்துச் சாம்பர் ஏரியில் ஏறத்தாழ 18,000 பறவைகள் இந்நோயால் மடிந்தன. நம் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மன்னாரிலும் குளங்களும் கேணிகளும் மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றுவன. சூடு, ஆழமின்மை, அழுகல் ஆகிய மூன்றும் கூடும் காலம் நம் கோடை என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது கேடு நீலப்பச்சைப் பாசியாலாயது. உரமும் சாணமும் எச்சமும் கலந்து தேங்கிய நீரில், வெயிற்காலத்தே பச்சை வர்ணம் கரைத்துவிட்டாற்போல இது படரும். 1878 ஆம் ஆண்டிலேயே யோர்ச்சு பிரான்சிசு என்பார், ஆத்திரேலியாவின் அலெக்சாந்திரினா ஏரியில் இத்தகைய படர்ச்சியுள்ள நீரைப் பருகிய ஆடுமாடுகள் இறந்தமையை எழுதியுள்ளார். இப்பாசிகளுட் சில ஈரலையும், சில நரம்பையும் தாக்கும் நஞ்சுடையன. இங்கு ஒன்றைக் கருதவேண்டும். பொத்துலின நஞ்சு கொதிக்கவைத்தால் அழியும். ஆயின் ஈரலைத் தாக்கும் பாசி நஞ்சு கொதிநீரிலும் அழிவதில்லை. ஆகவே காய்ச்சினால் எந்நீரும் தூய்மையாகும் என எண்ணுதல் பிழை. பாசி படர்ந்த நீரைத் திருத்த முயலாது விலக்குதலே அறிவுடைமை.

மூன்றாவது வகையில் அடங்குவன பல. 1880 ஆம் ஆண்டையொட்டிப் பாச்சர் ஆராய்ந்து தடுப்பு மருந்து கண்ட கோழிக் கொலரா தாராவையும் தாக்குவது. 1923 இல் ஒல்லாந்தில் முதன்முதல் விவரிக்கப்பட்ட தாராக் கொள்ளைநோய் ஒரு வைரசினால் வருவது. நோயுற்ற பறவையின் எச்சம் கலந்த நீர் அதனைப் பரப்பும். பறவைக் காய்ச்சலின் வைரசும் எச்சத்தின் வழி நீரிற் சேர்கின்றது; தாரா நோய்க்குறி காட்டாதும் அதனைச் சுமக்கக்கூடும். 1997 இல் கொங்கொங்கில் 18 பேரை நோய்ப்படுத்தி அவருள் அறுவரைக் கொன்றது இவ்வகை வைரசே. மாரிகாலத்தில் மன்னார் வங்காலைப் பகுதிக்கும் யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் வடதிசையிலிருந்து ஊசிவால் தாரா முதலிய வலசைப் பறவைகள் வருகின்றன. அவை கூடும் நீர்நிலைகளில் வீட்டுத் தாராக்களை மேயவிடாமை நன்று.

இனி, காக்கும் வழிகளை நோக்குவோம். பருகும் நீரும் நீந்தும் நீரும் வெவ்வேறாக இருத்தல் முதல் விதி. பருகும் பாத்திரம் தாரா தன் தலையை அமிழ்த்தக்கூடிய ஆழமுடையதாதல் வேண்டும். ஏனெனில் கண்ணையும் நாசித் துளைகளையும் அது நீரில் அமிழ்த்தியே கழுவிக்கொள்ளும். அது உள்ளே இறங்க முடியாதவாறு வாய் ஒடுங்கியிருத்தலும் வேண்டும். அப்பாத்திரத்தை நிழலில், தீனியிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, நாள்தோறும் இருமுறையேனும் நீரை மாற்றுக. கீழே கற்களைப் பரப்பி நீர் வடிய வழிசெய்தால் சேறு உண்டாகாது. நீந்தும் தொட்டி சிறிதாயின், மேலும் நீர் வார்த்து நிரப்புதல் போதாது; முழுவதும் இறைத்து, அடியிலுள்ள கசடைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்புதல் வேண்டும். இறைத்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்லுரமாகும். பாத்திரங்களை வெளிற்றும் தூள் கரைத்த நீராற் கழுவுவோர், பின்னர் நன்னீரால் நன்கு அலசி வெயிலில் உலர்த்துக. புதிதாக வாங்கிய பறவைகளைச் சில கிழமைகள் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்த்தல் வேண்டும்.

இறந்த உயிர் எதுவாயினும், எலியாயினும் மீனாயினும் தாராவாயினும், அன்றே அகற்றப்படுதல் வேண்டும். புழுப் பிறக்கும்வரை காத்திருத்தல் கூடாது. யாழ்ப்பாணத்தில் இதற்கோர் இடர் உண்டு. நம் நிலத்தின் அடியிலுள்ளது துளைகள் மலிந்த சுண்ணாம்புக் கல். மேலே இட்ட அழுக்கு எளிதிலே கிணற்று நீரை அடையும். ஆகவே பிணத்தைக் கிணற்றருகே புதைத்தல் ஒரு கேட்டை நீக்கி மற்றொன்றை அழைப்பதாகும். எரித்தலோ கிணற்றுக்குத் தொலைவில் மேட்டு நிலத்திற் புதைத்தலோ தக்கது. அப்போது கைகளை உறையிட்டு மூடுக. நோயால் இறந்ததை உண்ணுதல் எவ்வாற்றானும் ஆகாது. சிறுவர் தாராவைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவப் பழகுதல் வேண்டும்.

கால் தளர்ந்த தாராவைக் கண்டவுடன் நீர்நிலையினின்று எடுத்து, நிழலான உலர்ந்த இடத்தில் தலை உயர்ந்திருக்குமாறு வைக்க. விழுங்கும் ஆற்றல் உள்ளதாயின் நன்னீரைச் சிறிது சிறிதாகப் பருகவிடலாம். விழுங்கமாட்டாததன் வாயில் நீரை வார்த்தால் அது மூச்சுக்குழலிற் புகுந்து கொல்லும். எஞ்சிய தாராக்களையும் அந்நீரினின்று உடனே விலக்கிவிடுக. பல பறவைகள் ஒருங்கே நோயுற்றாலோ இறந்தாலோ, அரசாங்க மிருக வைத்தியருக்குத் தாமதமின்றி அறிவித்தல் கடமை. அது ஊருக்கே வரக்கூடிய நோயின் முதற்குறியாகவும் இருத்தல் கூடும்.

தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. கலங்கிய நீரெல்லாம் நச்சு நீருமன்று. கண்ணுக்குப் புலனாகாத வேறுபாட்டை அறியத் துணைசெய்வது கல்வி. தாராவின் தொட்டியைத் தூயதாக வைத்திருக்கும் வீட்டில் கிணற்றடியும் தூயதாகவே இருக்கும். பறவைக்குச் செய்யும் காவல் வீட்டாருக்கும் காவலாக முடிதலின், இச்சிறு பணியைச் சிறிதென்று கருதாது மாணவர்கள் தம் வீடுகளில் மேற்கொள்வார்களாக.