பம்ப்பைக் கழற்றும் முன்

பழைய லாரி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றதும் மெக்கானிக் வருகிறார், ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கிறார், "பம்ப் போயிடுச்சு" என்கிறார். அன்று மாலையே பம்ப் கழன்று, பழுது பார்க்கும் பம்ப் ரூமுக்குப் போய்விடும். வண்டி நாள்கணக்கில் நிற்கும், தவணை மட்டும் நிற்காது. பில்லைக் கட்டி, பம்ப்பை மாட்டி, லோடு ஏற்றி சேலத்திலிருந்து தர்மபுரி பக்கம் கிளம்பினால் தொப்பூர் ஏற்றத்தில் பழைய கதையே திரும்பும். கடைசியில் பார்த்தால் டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் ஒரு கீறல் இருந்திருக்கும். நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் ஒற்றை லாரியை வைத்துப் பிழைப்பவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

நான் பேசுவது வரிசைப் பம்ப் உள்ள பழைய லேலண்ட், டாடா வண்டிகளைப் பற்றி. அந்தப் பம்ப்பைச் செய்த கம்பெனி 2008இல் பெயர் மாறியும் டிரைவர்களுக்கு அது இன்னும் மைகோ பம்ப்தான். காமன் ரெயில் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுக்க வேண்டாம். அதன் குழாய்களில் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம் ஓடுகிறது.

டீசல் டேங்கிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு உறிஞ்சப்பட்டு வருகிறது. அங்கிருந்து ஃபில்டர், பிறகு வரிசைப் பம்ப் என்ற பெரிய பம்ப், பிறகு நாசில். டேங்க் முதல் ஃபீட் பம்ப் வரையுள்ள பகுதியில்தான் கோளாறு ஒளிந்திருக்கும். காரணம் எளிது. மற்ற இடத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் சொட்டும், கண்ணில் படும். இங்கே சொட்டாது. ஸ்ட்ராவில் பொத்தல் இருந்தால் இளநீருக்குப் பதில் காற்று வருமே, அதேதான். ஹோஸ் காய்ந்திருக்கும், பாஞ்சோ போல்ட்டில் பழைய செம்பு வாஷரையே மறுபடி போட்டு முறுக்கியிருப்பார்கள். சில ரூபாய் வாஷர் அது. புதிது போடுங்கள்.

முதலில் புகையைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது சைலன்சரில் புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் போகிறது, எரியவில்லை. புகையே இல்லாதபோது ஸ்டாப் கேபிள் முழுதாகத் திரும்பியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். சிரிக்காதீர்கள், கேபிள் சிக்கி நின்ற வண்டிக்குப் பம்ப் இறக்கிய ஆட்கள் இருக்கிறார்கள். காலையில் ஹேண்ட் பிரைமரை அடித்தால்தான் வண்டி எடுக்கிறது என்றால் இரவில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காற்று எடுக்கிறது, இல்லையேல் ஃபீட் பம்ப் வால்வு பிடிக்கவில்லை. வெறும் வண்டி நன்றாக ஓடி, லோடு ஏறினால் மட்டும் இழுவை இல்லை என்றால் ஃபில்டரையும் டேங்குக்குள் இருக்கும் சல்லடையையும் சந்தேகப்படுங்கள். ஓடிக்கொண்டே இருந்து அணைகிறதா? டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. செலவு ஒரு ஊசி.

இத்தனைக்கும் பிடிபடவில்லையா? சுத்தமான டீசல் நிரப்பிய கேனைப் பம்ப்பைவிட உயரத்தில் வைத்து, கண்ணாடி போன்ற ஹோஸால் ஃபீட் பம்ப் வாயில் இணையுங்கள். ஏர் எடுத்துவிட்டு, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு, ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சீராக ஓடினால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையில்தான். பெரிய பம்ப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இது நிறுத்தி வைத்த வண்டியில் செய்யும் சோதனை. கேனைக் கேபினில் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்கிற வீரம் வேண்டாம், வண்டியோடு எரிந்துபோவீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் உதவி எண் 1033க்குக் கூப்பிடுங்கள். இருட்டில் வண்டியை ஓரத்தில் போட்டு, பின்னால் முக்கோணம்கூட வைக்காமல் ஏர் எடுப்பது எத்தனை ஆபத்து என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எஞ்சின் ஆயில் அளவு தானாகக் கூடினால் அன்றே நிறுத்துங்கள். டீசல் ஆயிலில் கலக்கிறது. ஃபீட் பம்ப்பின் தேய்மானமாக இருக்கலாம். "ஆயில் குறையலையே" என்று சந்தோஷப்பட்டால் பேரிங் போகும்.

நாசில் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது பழைய பழக்கம். கை தேர்ந்தவர் செய்யட்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யட்டும். பீய்ச்சும் டீசலை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. நாசில் திறக்கும் அழுத்தம் இந்த வண்டிகளிலேயே 200 பார் அளவுக்கு இருக்கிறது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, வலியும் முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கும், தாமதித்தால் விரலை எடுக்க வேண்டிவரும். மஞ்சள் வைக்காதீர்கள், மருந்துக்கடையில் ஆயின்மென்ட் வாங்காதீர்கள். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய் "அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் போயிருக்கிறது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். விரலை வைக்காதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் வைப்பீர்கள்.

பம்ப் உண்மையிலேயே கழன்றுதான் ஆக வேண்டும் என்றால், கொடுக்கும்போதே நாலு விஷயத்தை எழுதி வாங்குங்கள்: பம்ப் நம்பர், சீல் இருந்த நிலை, சொன்ன குறை, மதிப்பீட்டுத் தொகை. திரும்ப வாங்கும்போது பில்லையும் டெஸ்ட் பெஞ்சில் எடுத்த அளவுத் தாளையும் கேளுங்கள். மாற்றிய எலிமென்ட், டெலிவரி வால்வு எல்லாம் பழையதைக் கையில் வாங்குங்கள். "தாள் எல்லாம் எதுக்குண்ணே" என்பார்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை என்று சொல்லுங்கள். இழுவைக்காக சீலை உடைத்து டீசல் அளவைக் கூட்டச் சொல்லாதீர்கள். கரும்புகை கக்கும், புகைச் சோதனையில் தோற்கும். எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்பதை மறந்துவிட்டு பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புலம்புவதில் பயனில்லை.

இனி, டீசலே கெட்டது என்றால். டீசல் போட்ட சிறிது தூரத்திலேயே வண்டி திணறினால் ஃபில்டரின் அடி பிளக்கைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் பிரியும். உடனே பங்க்குக்குத் திரும்புங்கள். மறுநாள் போனால் "உங்க டேங்க் அழுக்கு" என்பார்கள், மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. அங்கே அடர்த்திச் சோதனையைக் கேளுங்கள். ஹைட்ரோமீட்டரும் ஜாடியும் அவர்களிடம் இருந்தாக வேண்டும். அளவை 15 டிகிரிக்கு மாற்றிப் பார்த்து, பதிவேட்டில் உள்ள அடர்த்தியோடு கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபட்டால் சந்தேகப்படக் காரணம் உண்டு. நிலத்தடி டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பேஸ்ட் தடவிய அளவுகோலை விட்டுக் காட்டச் சொல்லுங்கள். புகார்ப் புத்தகத்தில் வண்டி எண், நேரம், பில் எண்ணோடு எழுதி, எழுதிய பக்கத்தைப் படம் எடுங்கள். பங்க் பலகையில் இருக்கும் எண்ணெய் நிறுவன அதிகாரிக்கும் மாவட்ட வழங்கல் அலுவலருக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். போனில் சொன்னால் "பார்க்கிறோம் சார்" என்பதோடு முடிந்துவிடும். அளவு குறைவு என்றால் அது வேறு அலுவலகம்: தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் (அமலாக்கம்). முத்திரை போட்ட 5 லிட்டர் அளவையில் அங்கேயே பிடித்துக் காட்டச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. சாலையோரக் கொட்டகையில் பேரலிலிருந்து மலிவாக ஊற்றிக்கொண்டவர்களுக்கு இந்தப் பத்தி பயன்படாது. அவர்களிடம் பில் இல்லை.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பம்ப் ரூம் செய்த அரைகுறை வேலைக்கும் இதே வழிதான். "லாரி வணிக வண்டி, நீ நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் சொல்வார். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் ஓட்டுபவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆகவே மனுவின் முதல் பத்தியிலேயே "இந்த ஒரு வாகனத்தை ஓட்டிக் குடும்பம் நடத்துகிறேன்" என்று எழுதி, ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், பெர்மிட் நகல்களை இணையுங்கள். பத்து லாரி வைத்திருப்பவருக்கு இந்தக் கதவு அநேகமாகத் திறக்காது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் செய்யலாம். அதற்கு முன் நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கெடு, சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. 1915இல் பதிந்துவிட்டோமே என்று காத்திருந்தால் அந்தக் கெடு நீளாது.