உருளைக்கிழங்குக்கு மாற்றான கிழங்குகள்

விரலளவாக நறுக்கி எண்ணெயில் பொரித்தெடுத்த உருளைக்கிழங்கு வறுவலை விரும்பாத குழந்தைகள் அரியர். வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களிலும் இப்பண்டம் நிலையான இடம் பெற்றுவிட்டது. வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு கண்டதும், இதற்கு மாற்று யாது என்னும் வினா எழுகிறது. வட மாநிலங்களில் குளிர்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் டர்னிப்பை அவ்வாறே நறுக்கிப் பொரிக்கலாம் என்று சிலர் கூறுவர். செய்து பார்த்தோர்க்கு மொறுமொறுப்பு கிட்டுவதில்லை. துவண்ட, சற்றே கசக்கும் துண்டுகளே எஞ்சுகின்றன. குறை டர்னிப்பில் இல்லை. அதன் இயல்பறியாமல் சமைத்ததே காரணம். எக்கிழங்கை எவ்வாறு சமைத்தல் தகும் என்பதற்குப் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்துச் சமையல் நல்ல வழிகாட்டியாகும்.

பாலக்காடு 1956 நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கல்பாத்தி போன்ற அக்கிரகாரங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. தெற்கே தேவிகுளம், பீருமேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் மிகுதி. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் வழியில் உள்ள மறையூரிலும், அதனையடுத்த காந்தளூர், வட்டவடை ஆகிய மலையூர்களிலும் தமிழ் வழங்குகிறது. அங்குள்ள குளிர்ந்த படிவயல்களில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளைகின்றன. இவ்வாறு இரு மொழியினர் கலந்து வாழும் நிலப்பரப்பில் இரு சமையல் முறைகளும் கலந்துள்ளன. மார்கழித் திருவாதிரையன்று தமிழ் இல்லங்களில் களியுடன் பல காய்களும் கிழங்குகளும் சேர்ந்த கூட்டு அமைகிறது. அதே நாளில் மலையாளிகள் சேனை, சேம்பு, காய்ச்சில் முதலிய கிழங்குகளைச் சேர்த்துப் புழுக்கு சமைக்கின்றனர்.

கிழங்கு அங்கு வெறும் தொடுகறி அன்று. பஞ்சக் காலத்தில் உயிர் காத்த உணவுமாகும். தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வாயிலாக வந்த மரவள்ளியைத் திருவிதாங்கூரில் பெரிதும் பரவச் செய்தவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஆவார். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்நாட்டு அரிசியின் வரவு நின்றது. வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் எளிய மக்களின் வயிற்றை நிறைத்தது மரவள்ளியே. இக்கிழங்குகளை ஆராய்வதற்கென மத்திய அரசின் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் நிறுவப்பெற்றது.

இனி, வறுவலின் நுட்பத்தைக் காண்போம். கொதிக்கும் எண்ணெயில் துண்டின் மேற்பரப்பிலுள்ள நீர் ஆவியாக வெளியேறுகிறது. அங்குள்ள மாவுப்பொருள் இறுகி ஓடு போலாகிறது. மொறுமொறுப்புக்குக் காரணம் இதுவே. உருளைக்கிழங்கில் நூற்றில் ஏறத்தாழ 80 பங்கு நீர். 17 பங்கு மாவு முதலிய சத்து. மரவள்ளியில் நீர் 60 பங்கு, மாவுச்சத்து 38 பங்கு. டர்னிப்பிலோ நீர் 92 பங்கு, மாவும் சர்க்கரையும் சேர்ந்து 6 பங்கே. ஓடு கட்டுவதற்குரிய பொருள் டர்னிப்பில் இல்லை என்பது இதனால் விளங்கும்.

மொறுமொறுப்பே வேண்டுமெனில் மரவள்ளி மிகப் பொருத்தமானது. எனினும் இதனைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. இக்கிழங்கில் சயனைடு நஞ்சாக மாறக்கூடிய பொருள் ஒன்று உண்டு. அது தோலில் மிகுதி. ஆதலின் மேல்தோலையும் அதனடியில் உள்ள தடித்த தோலையும் முற்றிலும் உரித்தெறிதல் வேண்டும். துண்டுகளை மூழ்குமளவு நீரில், பாத்திரத்தை மூடாமல் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். மலைப்பகுதியில் இந்நீரை ஒருபோதும் கறியில் சேர்ப்பதில்லை. கசக்கும் கிழங்கை உண்ணாது விலக்குக. வெந்த துண்டுகளை ஈரம் உலர ஆறவிட்டுத் தேங்காயெண்ணெயில் பொரித்தால் மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் அமையும். பொரிக்காமலே, காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் சேர்த்து அரைத்த சம்மந்தியுடன் உண்பது இடுக்கி மக்களின் வழக்கம்.

சேனையிலும் சேப்பங்கிழங்கிலும் ஊசி போன்ற நுண்ணிய ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. நாவும் தொண்டையும் அரிப்பது இவற்றால்தான். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குதலும், புளிநீரும் மஞ்சளும் சேர்த்து நன்கு வேகவைத்தலும் இதற்குப் பரிகாரம். சேனையை முக்கால் வேக்காட்டில் வடித்து, மிளகாய்ப்பொடியும் உப்பும் பிசறி, தோசைக்கல்லில் சிறிதளவு எண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க வாட்டினால் வறுவலுக்கு ஈடாகும். சேப்பங்கிழங்கை வேகவைத்து உரித்து, உள்ளங்கையால் இலேசாக அழுத்தித் தட்டையாக்கி, அரிசிமாவு தூவி வாட்டுதல் நலம்.

மலையாளிகள் கூர்க்க என்றும், நெல்லைச் சீமையினர் சிறுகிழங்கு என்றும் வழங்குவது மற்றொன்று. துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. குளிர்காலமே இதன் பருவம். மண் படிந்த சிறு கிழங்குகளைச் சாக்குப்பையிலிட்டுத் தரையில் அடித்துத் தோல் நீக்குவர். மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்து, இடித்த சின்ன வெங்காயமும் வற்றல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்த தேங்காயெண்ணெயில் மெல்லிய தீயில் நெடுநேரம் புரட்டினால் மெழுக்குப்புரட்டி ஆகிறது. எண்ணெயில் மூழ்கவைத்தல் இம்முறையில் இல்லை என்பதை நேயர்கள் கருத்திற்கொள்க.

டர்னிப்புக்கு ஏற்ற முறையும் இதுவே. டர்னிப்பை நூக்கோல் என்று கருதுவோர் உளர். இரண்டும் கடுகுக் குடும்பத்தனவே எனினும், நூக்கோல் பருத்த தண்டு. டர்னிப் மண்ணில் திரண்ட வேர். தோலைச் சற்றுத் தடிப்பாகச் சீவினால் கசப்புக் குறையும். துண்டுகளில் உப்புப் பிசறி அரைமணி நேரம் வைத்து, ஊறிவரும் நீரைப் பிழிந்துவிட்டு, மெழுக்குப்புரட்டி முறையில் அகன்ற வாணலியில் புரட்டுக. வறுவல் போன்று சிறிதளவேனும் மேலோடு வேண்டுமாயின் ஒரு கரண்டி அரிசிமாவு தூவலாம். இளம் டர்னிப்பே சிறந்தது. முற்றியது நார் மிகுந்திருக்கும்.

கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி ஆகியவற்றில் இனிப்பு மிகுதியாதலின் பெருந்தீயில் மொறுமொறுப்பு வருமுன் கருகிவிடும். மாவுப்பொருள் மிக்கவற்றை அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்னும் தீய பொருள் உண்டாவதைச் சுவீடன் அறிஞர்கள் 2002-இல் வெளியிட்டனர். ஆகவே எக்கிழங்காயினும் பொன்னிறத்தில் எடுத்துவிடுதல் நன்று. கரும்பழுப்பாகும் வரை பொரிக்கலாகாது.

இக்கிழங்குகள் நம் ஊர்களில் மட்டுமே கிடைப்பன என்று எண்ண வேண்டுவதில்லை. தில்லியில் அர்வி என்று விற்பது நம் சேப்பங்கிழங்கே. ஜிமிகந்த் என்பதும், மும்பையில் சூரண் என்பதும், கொல்கத்தாவில் ஓல் என்பதும் நம் சேனையே. ஷல்கம் என்பது டர்னிப். மரவள்ளியை மும்பை மாதுங்காவிலும் தில்லி ஐ.என்.ஏ. கடைவீதியிலும் பெறலாம்.

இறுதியாக, முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். உருளைக்கிழங்கை விலக்கி மரவள்ளியைப் பொரித்துண்ணும் நீரிழிவாளர் மாவுச்சத்தைக் குறைத்தவர் ஆகார்; இருமடங்காகப் பெருக்கியவரே ஆவார். சேனையும் சேப்பங்கிழங்கும் இவ்வகையில் உருளைக்கிழங்கினின்று பெரிதும் வேறுபடா. அளவோடு உண்ணுதல் வேண்டும். மாவு குறைந்தது டர்னிப்பே. ஆனால் அதனிடம் மொறுமொறுப்பை எதிர்பார்த்தல் கூடாது. குழந்தைகளுக்குச் சேனை வறுவலும் முதியோர்க்கு டர்னிப் மெழுக்குப்புரட்டியும் ஒரே வாணலியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சமைத்துவிடலாம். இல்லத்தரசியர்க்கு இது மிகுந்த வேலையும் அன்று, மிகுந்த செலவும் அன்று.