பாதாளப் பிளவும் கணிப்பொறிக் கணக்கும்

அருகருகே இரு கிணறுகள். ஒன்றில் ஊற்றுப் பெருகும், மற்றொன்று வறண்டு கிடக்கும். விவசாய அங்கத்தினர்கள் இதனை அனுபவத்தில் அறிவர். நிலத்தடிப் பாறை ஒரே சீரானதன்று. பிளந்து, ஒரு பக்கம் இறங்கி நிற்கும் இடங்களும் உண்டு. அப்பிளவு சிலவிடத்து நீர்மத்திற்கு வாய்க்காலாகும். சிலவிடத்து, களிமண் அரைபட்டு அப்பிக்கொள்வதால் அணையாகும்.

கண்ணுக்குப் புலப்படாத இவ்வோட்டத்தை இன்று கணிப்பொறி கொண்டு கணிக்கின்றனர். பாறையைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, கட்டத்திற்குக் கட்டம் எவ்வளவு கடக்கும் என்பதை, பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856-இல் வெளியிட்ட விதியால் கணக்கிடுவர். பிளவு குறுக்கிடுமிடத்தில் ஒரு தடையெண் இடுவர். அவ்வெண்ணை நேரில் அளத்தல் அரிது. இடர் அதில்தான் உள்ளது.

நார்வே நாட்டு ஸ்னோவிட் எரிவாயு வயலில் பிரித்தெடுத்த கரியமில வாயுவை, 2008 முதல் கடலடியில் சுமார் 2,600 மீட்டர் ஆழத்து மணற்பாறையில் செலுத்தினர். அழுத்தம் எதிர்பார்த்ததினும் விரைந்து ஏறிற்று. பிளவுகளும் சீரற்ற மணற்படிவும் வாயு பரவாமல் தடுத்தன. அழுத்தம் வரம்பு மீறின் மூடுபாறை விரிசலுறக்கூடும். கிணற்றினுள் இருந்த அழுத்தமானியே எச்சரித்தது. 2011-இல் மேலுள்ள வேறொரு படிவத்திற்கு மாற்றினர், கணக்கும் திருத்தப்பெற்றது.

தணிக்கைக்குச் சென்றவிடத்து, பேரேடு பிழையின்றி இருந்தும் சரக்கறையில் நூல் சிப்பங்கள் குறையக் கண்டதுண்டு. ஏட்டை எழுதுவோம், சரக்கையும் எண்ணுவோம். பாதாளத்திற்கும் பண்டகசாலைக்கும் நீதி ஒன்றே.